கோயாவும் ஒசுனாக் குடும்பமும்

ஓவியனுக்கும் அவனை ஆதரித்த பிரபுக் குடும்பத்துக்கும் இடையே நிலவிய உறவை நட்பு என்று கூறலாமா என்பது எளிதில் விடை காணத்தக்க வினாவன்று. நட்பாவது பெரும்பாலும் ஒப்புடையாரிடையே தோன்றுவது. ஏவுவோர் ஒருவர், ஏவிய பணியை முடித்துக் கூலி பெறுவோர் மற்றொருவர் என்ற நிலையில் அன்பு இருத்தல் கூடும். மதிப்பும் இருத்தல் கூடும். ஆயினும் நட்பு என்ற சொல்லை அங்கே வழங்கும்போது நாவிற் சிறிது தயக்கம் ஏற்படவே செய்கிறது. கலை வரலாற்று நூலாசிரியர்கள் இத்தயக்கத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு சாரார், "கோயாவின் நண்பர்களான ஒசுனாக் கோமகனும் கோமகளும்" என்று ஐயமின்றி எழுதிச் செல்வர். மற்றொரு சாரார், பிரபுக்களை உள்ளூர வெறுத்த புரட்சிக் கலைஞராகக் கோயாவைக் காட்டி, ஒசுனாக் குடும்பத்தாரை வெறும் வாடிக்கைக்காரராக்கி விடுவர். இவ்விரு கூற்றுக்களையும் உரைத்துப் பார்ப்பதற்கு ஏற்றது ஸ்பெயின் நாட்டில் 1808 முதல் 1814 வரை நிகழ்ந்த போர்க்காலம். அமைதிக் காலத்து உறவுக்குப் பணமும் பழக்கமும் போதுமானவை. போர் வந்தபின்னும் ஓர் உறவு எஞ்சுமாயின் அங்கே வேறேதோ இருந்ததெனக் கொள்ளல் வேண்டும்.

பிரான்சிஸ்கோ கோயா 1746 இல் அரகோன் நாட்டில் ஃபுவெந்தெதோதோஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். நாற்பது வயதை அணுகும் வரையிலும் பெரும்பாலும் அரச நெசவாலைக்கு மாதிரிப் படங்கள் தீட்டிப் பிழைத்தவர். 1785 இல் ஒசுனாக் குடும்பம் அவரைத் தேடி வந்தது. ஒன்பதாவது ஒசுனாக் கோமகன் படைத்துறையிற் பதவி வகித்தவர். அவர் மனைவியான மரியா ஹோசெஃபா, பெனவெந்தே என்னும் பெருங்குடியின் உரிமையைத் தம் பெயரிலேயே பெற்றவர். எனவே செல்வத்திற் கணவருக்குச் சிறிதும் குறைந்தவரல்லர். அறிவில் அவரை விஞ்சியவர் என்றும் சொல்லலாம். மாட்ரிட் பொருளாதாரச் சங்கத்திற் பெண்களுக்கென அமைந்த குழுவுக்கு 1787 இல் முதல் தலைவியானவர் இவரே. ஹெய்டன் என்னும் இசைப் பேராசானிடமிருந்து இசையாக்கங்களை வருவிக்க உடன்படிக்கை செய்தவரும் இவரே. நாடகாசிரியரும் கவிஞரும் அறிவியலாரும் இவரது மாளிகையிற் கூடினர். அக்கூட்டத்திற் கோயாவுக்கும் ஓரிடம் கிடைத்தது.

1785 இற் கோயா தீட்டிய கோமகளின் உருவப்படத்தில் முகத்தினும் தொப்பியே பெரிது. நாடாவும் இறகும் மலரும் பொதிந்த பிரெஞ்சுப் பாணித் தொப்பி அது. அதன் கீழே நீல ஆடை. கையில் மூடிய விசிறி. ஆனால் அவ்வளவு அலங்காரத்தின் நடுவிலும் அந்த மெலிந்த முகத்தின் கண்கள் நம்மை நேரே நோக்கி எடை போடுகின்றன. அழகி அல்லாத ஒருத்தியை அழகியாக்க முயலாது, அவளுடைய அறிவையே அழகாக்கிக் காட்டிய படம் இது. தன்னைப் பொய்யாகப் புகழாத ஓவியனை இக்கோமகள் மறுபடியும் அழைத்தார் என்பதே இவரது இயல்பை உணர்த்தப் போதுமானது.

இவ்விடத்தில் ஒன்று கூறி மேற்செல்கிறேன். இவ்வோவியங்களை நான் நேரிற் கண்டவனல்லன். அச்சுப்படிகளில் மட்டுமே கண்டவன். வண்ணத்தைப் பற்றி நான் கூறுவனவற்றை இக்குறை அறிந்தே வாசகர் ஏற்பாராக. உருவங்களின் நிலையையும் பார்வையையும் பற்றிக் கூறுவதற்கு நல்ல அச்சுப்படி போதும்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1788 இற் கோயா தீட்டிய குடும்ப ஓவியம் இப்போது மாட்ரிட் பிராடோ நூதனசாலையில் உள்ளது. உயரம் 225 சதமமீற்றர், அகலம் 174 சதமமீற்றர். ஆளுயரத்தை விஞ்சிய இப்பெருங் கித்தானில் ஒரு பிரபுக் குடும்பத்தைத் தீட்டுவோர் வழக்கமாகச் சேர்க்கும் எதுவும் இல்லை. தூண் இல்லை, தொங்கும் பட்டுத்திரை இல்லை, மாளிகையின் சாளரம் இல்லை. சாம்பலும் பச்சையும் கலந்த வெறுவெளி ஒன்றே பின்னணி. அவ்வெளியில் ஆறு பேர். கோமகன் நின்றபடி சற்றே முன் சாய்ந்து, மூத்த மகளின் கையைப் பிடித்திருக்கிறார். கோமகள் அமர்ந்திருக்கிறார்; அவரை ஒட்டி நிற்கிறாள் இளைய மகள் ஹோவாக்கினா. கீழே இரண்டு மூன்று வயதுடைய ஆண்மக்கள் இருவர். இளையவன் பெத்ரோ மெத்தையொன்றில் அமர்ந்து விளையாட்டு வண்டியின் கயிற்றைப் பற்றியிருக்கிறான். மூத்தவன் பிரான்சிஸ்கோ தந்தையின் கைத்தடியைக் குதிரையாகப் பாவித்து அதன்மேல் ஏறி நிற்கிறான்.

இக்குழந்தைகள் பொம்மைகளைப் போலுள்ளனர் என்று குறை கூறியோர் உண்டு. குறையில் ஓரளவு உண்மை இருக்கிறது. கண்கள் வட்டமாய்க் கருத்து, முகங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போற் காணப்படுகின்றன. ஆனால் குழந்தைகளைச் சிறிய பெரியவர்களாக்கி, வாளும் பதக்கமும் அணிவித்து நிறுத்துவதே அக்கால வழக்கமாக இருந்தது. இங்கோ பதவியைக் குறிக்கும் கோல் விளையாட்டுக் குதிரையாகி விட்டது. இவ்வாறு தீட்டுவதற்குத் தந்தை இசைந்தாரென்பதும், தீட்டலாம் என்று கோயா துணிந்தாரென்பதும் அவ்வீட்டிலே அவருக்கிருந்த இடத்தைக் காட்டுகின்றன. அந்தக் கைத்தடிக் குதிரையை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும்; பின்னர் அதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

மாட்ரிட்டின் புறத்தே அலமேதா என்னுமிடத்திற் கோமகள் அமைத்த தோட்ட மாளிகைக்காக 1787 இல் ஏழு நாட்டுப்புறக் காட்சிகளைக் கோயா தீட்டினார். ஊஞ்சலாடுவோரும் வழுக்குமரம் ஏறுவோரும் அவற்றிற் காணப்படுகின்றனர். இவ்வின்பக் காட்சிகளுக்கு நடுவே ஒரு படம் மட்டும் திடுக்கிட வைக்கிறது. கள்வர் ஒரு கோச்சு வண்டியை மறித்துப் பயணிகளைக் கொல்கின்றனர். ஒருவன் மண்டியிட்டுக் கைவிரித்து உயிர்ப்பிச்சை கேட்கிறான். மண்டியிட்ட அவ்வுருவம் இருபத்தேழு ஆண்டுகளின் பின் வெள்ளைச் சட்டையணிந்து, பிரெஞ்சுத் துப்பாக்கிகளின் முன்னே மீண்டும் தோன்றும் என்பதை அன்று யார் அறிந்திருப்பர்?

1792 இன் இறுதியிற் கொடுநோய் ஒன்று கோயாவைப் பற்றியது. உயிர் தப்பினார், செவிப்புலன் முற்றாகப் போயிற்று. அதன்பின் அவருடைய கலையில் இருள் புகுந்தது என்பர். இருள் புகுந்த அக்கலையை விலைகொடுத்து வாங்கியோர் யாவர் என்று நோக்கினால் மீண்டும் ஒசுனாக் குடும்பத்தையே காண்கிறோம். 1798 இற் சூனியக்காரிகளைப் பற்றிய ஆறு சிற்றோவியங்களை 6,000 ரெயால் கொடுத்து அவர்கள் வாங்கினர். அடுத்த ஆண்டில் 'கப்ரிச்சோஸ்' என்னும் எண்பது செதுக்கோவியங்களின் தொகுதி வெளிவந்தது. பெப்ரவரி 6 ஆம் திகதி பத்திரிகையில் விற்பனை அறிவித்தல் வருமுன்னரே, ஜனவரி 17 இல், நான்கு பிரதிகளுக்காக ஒசுனாக் குடும்பம் 1,500 ரெயால் செலுத்தியமைக்குப் பற்றுச்சீட்டு உள்ளது. அத்தொகுதியில் ஒரு படம்: ஆடையணிந்த கழுதையொன்று தன் வமிசாவளி நூலை விரித்து வைத்திருக்கிறது, அதன் ஏட்டில் வரிசை வரிசையாகக் கழுதைகளே நிற்கின்றன. குலப்பெருமையை இதைவிடக் கடுமையாக எள்ளுதல் இயலாது. ஸ்பெயினின் மிகப் பழைய குலங்களிரண்டு ஒன்றான வீடு அந்த எள்ளலை நான்கு பிரதி வாங்கிற்று. இவர்களை வெறும் வாடிக்கைக்காரர் என்போர் இந்தப் பற்றுச்சீட்டுக்கு என்ன சமாதானம் கூறுவரோ அறியேன். தம்மையும் சேர்த்து நகைக்கும் ஒருவனை வீட்டினுள் வைத்திருப்பதற்குச் செல்வம் மட்டும் போதாது.

1805 இல் ஹோவாக்கினாவின் படம் வந்தது. குழந்தையாய்த் தாயருகே நின்றவள் இப்போது சாந்தா குருஸ் பிரபுவின் மனைவி. வெண்ணிற ஆடையுடன், தலையில் இலைமுடி சூடி, யாழைப் பற்றியபடி சாய்ந்து கிடக்கும் கலைத்தெய்வமாக அவளைக் கோயா தீட்டினார். அழகிய படந்தான், எனினும் அதிற் சிறிது நாடக வேடம் தொனிக்கிறது. 1807 இல் ஒன்பதாவது கோமகன் இறந்தார். கைத்தடிக் குதிரை ஏறிய பிரான்சிஸ்கோ பத்தாவது கோமகனானார். மறு ஆண்டிற் போர் வந்தது.

1808 மே 2 ஆம் திகதி மாட்ரிட் மக்கள் நெப்போலியனின் படைகளை எதிர்த்தெழுந்தனர். அன்றிரவும் மறுநாள் விடியற்காலையிலும் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நெப்போலியனின் தமையன் ஜோசப் அரசனாக்கப்பட்டான். இதன் பின் நிகழ்ந்தவற்றை நூல்கள் பொதுவாக இவ்வாறு சுருக்கிக் கூறும்: கோமகள் தேசபக்தை, எனவே தம் உடைமைகளைத் துறந்து தெற்கே சென்று காடிஸ் துறைநகரில் அடைக்கலம் புகுந்தார். கோயா மாட்ரிட்டிலேயே தங்கி அந்நிய அரசனுக்குப் பணிந்தார். போர் முடிந்ததும் கோமகள் பெருந்தன்மையோடு அவரை மன்னித்தார். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை இவ்வளவு நேர்த்தியானதன்று.

1808 ஜூலையிற் பிரான்சின் எல்லைநகராகிய பாயோனில் நெப்போலியன் கூட்டிய மன்றத்தில், ஜோசப்பின் அரசியலமைப்பை ஏற்றுக் கையொப்பமிட்ட ஸ்பானியப் பிரபுக்களுள் பத்தாவது ஒசுனாக் கோமகனும் ஒருவர். ஹோவாக்கினாவின் கணவரான சாந்தா குருஸ் பிரபுவும் ஒருவர். அதே மாதத்திற் பைலென் என்னுமிடத்திற் பிரெஞ்சுப் படை தோற்றது. ஜோசப் தலைநகரை விட்டோடினான். கையொப்பமிட்ட பிரபுக்கள் பலர் பக்கம் மாறினர். சினங்கொண்ட நெப்போலியன் நவம்பர் மாதம் பர்கோஸ் நகரிலிருந்து விடுத்த கட்டளையில் ஒசுனாக் கோமகனையும் சாந்தா குருஸ் பிரபுவையும் வேறு சிலரையும் துரோகிகள் எனப் பெயர் குறித்து, அவர்தம் உடைமைகளைப் பறிமுதல் செய்தான். சாந்தா குருஸ் பிடிபட்டுச் சிறைவாசம் அனுபவித்தார். டிசம்பரில் மாட்ரிட் மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அம்மாதத்தில் ஜோசப்புக்கு விசுவாசம் கூறி ஒப்பமிட்ட குடும்பத் தலைவர்கள் பல்லாயிரவர்; அவருள் ஒருவர் கோயா. ஆகவே ஒப்பமிடலைக் குற்றமென்று கொண்டால், கோயா அதைச் செய்வதற்கு ஐந்து மாதங்களின் முன்பே கோமகளின் மகன் செய்து முடித்திருந்தார்.

இருவரிடையே வேற்றுமை இல்லாமலில்லை. பிரபு விலகிச் செல்ல வழியிருந்தது. சென்றவிடத்தும் அவர் பிரபுவே. அறுபத்திரண்டு வயதுச் செவிடர் ஒருவர், அரண்மனைச் சம்பளத்தை நம்பி வாழ்பவர், எங்கே செல்வது? கோயாவும் ஒருமுறை புறப்பட்டார். பிரெஞ்சுக்காரர் வசப்படாத பகுதிக்குச் செல்லும் நோக்கோடு பியெத்ராயித்தா என்னும் ஊர் வரை சென்றதாகவும், பிள்ளைகளின் வேண்டுகோளாலும் உடைமை பறிபோகும் என்ற அச்சுறுத்தலாலும் திரும்பியதாகவும் பின்னர் நடந்த விசாரணையிற் கூறப்பட்டது. பாதி வழியில் திரும்பியதை அவர் கோழைத்தனத்துக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். போர் நடந்த ஊரில் வாழ்ந்த எவருக்கும், போனவர் நிலையையும் நின்றவர் நிலையையும் வேறொருவர் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஊரை விட்டுப் போனவரை ஓடினார் என்பதும், போகாது நின்றவரைப் பணிந்தார் என்பதும் பின்னாளில் வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்வோர்க்கு எளிது.

நின்றவர் என்ன செய்தார்? 1810 இல் மாட்ரிட் நகரசபையின் வேண்டுகோட்படி, நகரை ஒரு பெண்ணாக உருவகித்து, அவள் சுட்டும் வட்டத்தினுள் ஜோசப்பின் முகத்தை வரைந்தார். அந்த வட்டத்தின் கதை ஒரு நகைச்சுவை நாடகத்துக்குப் போதும். 1812 இற் பிரெஞ்சுக்காரர் அகன்றதும் முகம் அழிக்கப்பட்டு 'அரசியலமைப்பு' என்ற சொல் எழுதப்பட்டது. ஜோசப் திரும்பி வந்தான். முகமும் திரும்பி வந்தது. அவன் போனான், சொல் மீண்டது. பின்னர் ஏழாம் பெர்டினாண்ட் மன்னனின் முகம் அங்கே புகுந்தது. ஈற்றில் 1872 இல் 'மே இரண்டு' என்னும் சொற்கள் எழுதப்பட்டு இன்றுவரை நிலைத்துள்ளன. 1811 இல் ஜோசப் நிறுவிய அரச விருதும் கோயாவுக்குக் கிடைத்தது. மக்கள் அதற்கிட்ட பட்டப்பெயர் கத்தரிக்காய். அதைத் தாம் ஒருபோதும் அணிந்ததில்லை என்று கோயா பின்னர் சாட்சிகள் மூலம் நிறுவ முயன்றார். 1812 இல் வெலிங்டன் மாட்ரிட்டுக்குள் புகுந்ததும் அவரையும் தீட்டினார். யார் வரினும் தீட்டினார் என்பது உண்மை. தீட்டாமலிருக்கும் வசதி அவருக்கில்லை என்பதும் உண்மை.

இதற்கிடையில், யாரும் கேளாத பணி ஒன்றையும் அவர் செய்துகொண்டிருந்தார். செப்புத்தகடு கிடைப்பதும் அருமையான அந்நாட்களில், 1810 முதல், போரின் அவலங்கள் எனப் பின்னர் பெயர்பெற்ற செதுக்கோவியங்களை ஒவ்வொன்றாக உருவாக்கினார். இரு பக்கத்தாரின் கொடுமையும் அவற்றில் உண்டு. மாட்ரிட்டைப் பற்றிய பஞ்சமும் உண்டு. அவற்றை அவர் வாழ்நாளில் வெளியிடவில்லை. முழுத் தொகுதியின் பிரதியொன்றை நண்பர் செயான் பெர்மூதெஸிடம் கொடுத்திருந்தார். உலகம் அவற்றைக் கண்டது 1863 இல், அவர் இறந்து முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றபின். இங்கேதான் ஒசுனாக் குடும்பத்தின் நட்புக்கு எல்லையொன்று தென்படுகிறது. பிரபுக்களை எள்ளிய தொகுதியை விற்பனைக்கு முன்பே பெற்ற குடும்பம் அது. போரைக் காட்டிய தொகுதி அக்குடும்பத்தின் மாளிகைச் சுவருக்கோ மேசைக்கோ செல்லவில்லை. உடனிருந்து சிரிப்பதற்கு உரிய நட்பு ஒன்று. உடனிருந்து அழுவதற்கு உரிய நட்பு வேறொன்று. கோமகள் காடிஸிலிருந்தார், மாட்ரிட் பஞ்சத்திற் பிணவண்டி செல்வதை அவர் காணவில்லை. அவருடைய அலமேதா மாளிகையில் அப்போது குடியிருந்தவர் பெல்லியார் என்னும் பிரெஞ்சுத் தளபதி. ஊஞ்சற் காட்சிகளும் சூனியக்காரிகளும் இருந்த அறைகளில் அந்நிய அதிகாரிகள் உலாவினர்.

1814 இற் போர் முடிந்தது. அவ்வாண்டிலேயே மே இரண்டாம் மூன்றாம் நாட்களின் நிகழ்ச்சிகளைக் காட்டும் இரு பேரோவியங்களைக் கோயா தீட்டினார். முன்னே கூறிய மண்டியிட்ட மனிதன் வெள்ளைச் சட்டையுடன் கைவிரித்து நிற்பது இவற்றுள் இரண்டாவதில். மீண்டு வந்த பெர்டினாண்ட் மன்னன் அரசியலமைப்பை இரத்துச் செய்து, ஜோசப்பின் கீழ்ப் பணியாற்றியவர்களை விசாரிக்கத் தொடங்கினான். கோயாவும் விசாரிக்கப்பட்டார், 1815 இல் மாசற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றார், பதவியும் சம்பளமும் நிலைத்தன. ஆனால் புதிய அரசன் விரும்பியது விசெந்தே லோப்பஸின் வழுவழுப்பான உருவப்படங்களை. அரசன் முகங்கொடாத ஓவியரிடம் பிரபுக்களும் அரிதாகவே சென்றனர்.

அந்நிலையிற்றான் 1816 இல் ஒசுனாக் குடும்பத்திலிருந்து இரு படங்களுக்கு அழைப்பு வந்தது. ஒன்று, தாயாகிய கோமகள் 4,000 ரெயால் கொடுத்துத் தீட்டுவித்த கடைசி மகள் மனுவேலாவின் படம். மற்றொன்று பத்தாவது கோமகனின் படம்.

கோமகனின் படத்தை முதலில் நோக்குவோம். முழு உருவம், வெளியிடம், குதிரையேற்றத்துக்குரிய உடையுடன், கையில் ஒரு கடிதத்தோடு நிற்கிறார். பின்னணியில் ஏவலாள் ஒருவன் குதிரையொன்றைப் பிடித்திருக்கிறான். இருபத்தெட்டு ஆண்டுகளின் முன் தந்தையின் கைத்தடியை ஓட்டிய பிள்ளைக்கு உண்மைக் குதிரை கிடைத்துவிட்டது; அதன்மேல் அவர் ஏறவில்லை. பழைய படத்தை நினைந்தே கோயா இதை அமைத்தார் என்று நிறுவ என்னால் இயலாது. பெருமக்கள் படத்தில் குதிரை தோன்றுதல் வழக்கமே. ஆனால் அந்தச் சிறுவனை அவ்வாறு தீட்டிய கைதான் இவரையும் தீட்டியது. அதை மறந்திருக்கக் கூடிய கை அன்று அது. கலைத்திறனில் இதை முதற்றரமானதென நான் கொள்ளவில்லை. நிற்பவரின் பெருமிதத்தில் ஏதோ தளர்வு தெரிகிறது. அது ஓவியரின் குறையா, முப்பது வயதுக்குள்ளேயே இரு மன்னரிடம் பக்கம் மாற நேர்ந்த மனிதரின் உள்ளம் முகத்தில் வெளிப்பட்டதா என்பது ஆராயத்தக்கது. நான் பிற்கூறியதையே நம்ப விரும்புகிறேன். நான்கே ஆண்டுகளில், 1820 இல், அவர் இறந்தார்.

மனுவேலாவின் படம் வேறு தரத்தது. அப்ராந்தேஸ் கோமகனை மணந்த இவள் குடும்ப ஓவியத்தில் இல்லை; அது தீட்டப்பட்டு ஆறு ஆண்டுகளின் பின், 1794 இற் பிறந்தவள். தலையில் மலர்முடி, தோளிலிருந்து வழியும் மஞ்சட் சால்வை, கையில் இசைத்தாள். இவள் பாடுகிறாள், அல்லது பாடத் தொடங்குகிறாள். ஹோவாக்கினாவின் படத்தில் யாழ் வேடத்தின் ஒரு பகுதியாக இருந்தது. இங்கே இசைத்தாள் உண்மையான பாட்டுக்கு உரியது. வாய் சிறிதே திறந்திருக்கிறது. கண்களிற் பாடுவோருக்கே உரிய கவனம் உண்டு. அத்தாளிற் கோயா தம் பெயரையும் அவள் பெயரையும் எழுதியிருக்கிறார். அவர் செவிடரான ஆண்டு 1793. அவள் பிறந்தது மறு ஆண்டு. ஆகவே அவளுடைய குரலை ஒருநாளும் அவர் கேட்டதில்லை. பேச்சாகக்கூடக் கேட்டதில்லை. எழுபது வயதில், கேளாத அப்பாட்டை அவள் கழுத்தின் நிமிர்விலும் இதழ்களின் திறப்பிலும் கண்டு தீட்டினார். இதை நாடகப்படுத்தாமல் தீட்டியதே இதன் சிறப்பு. போருக்கு முந்திய இனிய வண்ணங்கள் இதில் மீண்டன என்று சிலர் பாராட்டுவர். நான் அவ்வாறு காணவில்லை. நீலமும் மஞ்சளும் இருக்கின்றன. ஆயினும் பின்னணி இருண்டுவிட்டது. 1788 இல் ஆறு பேரைச் சூழ்ந்திருந்த பச்சைச் சாம்பல் வெளியில் ஒளி பரந்திருந்தது. இங்கே பெண் மட்டுமே ஒளியில் நிற்கிறாள்.

இவ்விரு படங்களிலும் போரின் சுவடு வெளிப்படையாக இல்லை. காடிஸும் மாட்ரிட்டும், பாயோனிற் செய்த ஒப்பமும் மாட்ரிட்டிற் செய்த ஒப்பமும் பற்றி ஓவியரும் கோமகளும் பேசினரோ, பேசாதே விட்டனரோ? பேசாதே விட்டனர் என்று கொண்டாலும் உறவுக்கு இழுக்கில்லை. ஒருவர் மற்றவரை விசாரிக்கும் உரிமையை இழந்திருந்தனர். அரசனின் விசாரணை மன்றம் கோயாவை மாசற்றவர் என்றதற்கும், கோமகள் தம் மகளைக் கொண்டுவந்து அவர் முன் நிறுத்தியதற்கும் வேறுபாடு உண்டு. முன்னையது தீர்ப்பு. பின்னையதற்குத் தீர்ப்பு என்ற பெயர் பொருந்தாது. மன்னிப்பு என்ற பெயர் அதனினும் பொருந்தாது. தொடக்கத்தில் நான் தயங்கிய சொல்லை இவ்விடத்தில் வழங்கத் தயங்கமாட்டேன்.

பின்னர் நிகழ்ந்தவை சில சொல்லுதற்குரியன. 1819 நவம்பரிற் பிராடோ நூதனசாலை திறக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் ஹோவாக்கினாவின் கணவர் சாந்தா குருஸ் பிரபு. 1820 இல் அவரைத் தொடர்ந்து அப்பதவியேற்று 1823 வரை வகித்தவர் அங்லோனாப் பிரபு. அதாவது, குடும்ப ஓவியத்தில் மெத்தைமேல் அமர்ந்து வண்டிக் கயிற்றைப் பற்றியிருந்த பெத்ரோ. போரிற் படைத்தலைமை ஏற்றுப் போரிட்டவர் இவர். பெர்டினாண்டின் கொடுங்கோல் மீண்டும் ஓங்கியதும் கோயா 1824 இற் பிரான்ஸ் சென்று, 1828 இற் போர்தோ நகரில் இறந்தார். கோமகள் 1834 வரை வாழ்ந்தார்.

ஒசுனாக் குடும்பத்தின் செல்வம் அடுத்த தலைமுறையிற் கரைந்தது. பன்னிரண்டாவது கோமகன் 1882 இல் இறந்தபோது எஞ்சியது கடன். 1896 இற் குடும்பத்தின் ஓவியங்கள் விற்கப்பட்டுச் சிதறின. சூனியக்காரிகள் ஆறு படங்களும் பல திசைக்குச் சென்றன. குடும்ப ஓவியத்தை மட்டும் வழித்தோன்றல்கள் 1897 இற் பிராடோவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தனர். மனுவேலா பாடும் படத்தை அந்நூதனசாலை 1996 இல் விலைக்கு வாங்கிற்று. குதிரையருகே நிற்கும் பத்தாவது கோமகனின் படம் ஸ்பெயினில் இல்லை. எல்லைக்கு அப்பால், பிரான்சிலே, 1808 இல் அவர் கையொப்பமிட்ட அதே பாயோன் நகரின் நூதனசாலையில் அது இருக்கிறது.